கேட்டால் கிடைக்கும் சோறும் கேட்கக் கூசும் பொரியலும்

‘வெளியில் சாப்பிட்டுக்கொண்டே உடல் எடையைக் குறைப்பது எப்படி?’ என்ற வகைக் கட்டுரைகள் தமிழில் ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டன. வார இதழ்களின் இணைப்புகளில் தொடங்கி, கைபேசித் திரையில் ஒரு நிமிடக் காணொளியாகச் சுருங்கியது வரை அவற்றின் உள்ளடக்கம் மாறவேயில்லை. பொரித்ததைத் தவிருங்கள், வாட்டியதைக் கேளுங்கள். சாலட்டின் மேல் ஊற்றும் மயோனைஸைத் தனிக் கிண்ணத்தில் தரச் சொல்லுங்கள். முதலில் வரும் ரொட்டிக் கூடையைத் திருப்பி அனுப்புங்கள். பாதியைச் சாப்பிட்டு மீதியைப் பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். எழுதியவர் எந்த ஊரில் எந்தக் கடையில் உட்கார்ந்து இதை எழுதினார் என்ற ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி வரையிலான சாலையில் ரொட்டிக் கூடை வைக்கும் கடை எது என்று யாரேனும் காட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இலக்கியம் பேசும் இடத்தில் பரோட்டாவுக்கும் பொரியலுக்கும் என்ன வேலை என்று முகம் சுளிக்கும் வாசகர்கள் இருக்கக்கூடும். திருக்குறளில் ‘மருந்து’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி பேசுவது அளவறிந்து உண்பதைப் பற்றித்தான். அந்த அதிகாரத்தை மேடைதோறும் சொல்லிப் பூரிக்கும் நாம், அளவை அறிந்துகொள்வதோடு, அளவை முடிவு செய்யும் அதிகாரமும் உண்பவன் கையில் இருந்தால்தான் அந்த அறிவுரைக்குப் பொருள் உண்டு என்பதை யோசித்ததில்லை. இக்கட்டுரை அந்த அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியது.

*

கல்லாவி, ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். சுற்றிலும் மாந்தோப்புகளும் மானாவாரி நிலங்களும். 2004 இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரியின் தென்பகுதி. ஒரு தலைமுறைக்கு முன்னர் இப்பகுதியிலிருந்து பிழைக்கப் போவதென்றால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது என்று பொருள். இன்று போச்சம்பள்ளியிலும் பர்கூரிலும் சிப்காட் வளாகங்கள் வந்துவிட்டன. 1970களில் சிப்காட்டைக் கண்டு, 2019 இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்ட ஓசூர், மாவட்டத்தின் இளைஞர்களையும் இளம்பெண்களையும் அறை எடுத்துத் தங்க வைத்திருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் அடுத்த அறையில் இருக்கிறார்கள்.

இவர்களுடைய ஒரு நாள் உணவை எண்ணிப் பாருங்கள். விடியற்காலைக் கம்பெனிப் பேருந்துக்கு முன் சாலையோரக் கடையில் ஒரு தேநீர், இரண்டு போண்டா. மதியம் கம்பெனி கேன்டீனில் அல்லது மெஸ்ஸில் சாப்பாடு. மாலையில் பேக்கரியில் பப்ஸ், இன்னொரு தேநீர். பணி முடிந்து திரும்பும் இரவில் பரோட்டாவும் சால்னாவும். அல்லது ‘பாஸ்ட் புட்’ என்று பலகை வைத்த தள்ளுவண்டியில் முட்டை ஃபிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன். நம் சிற்றூர்களில் ‘பாஸ்ட் புட்’ என்றால் இந்தத் தள்ளுவண்டிதான். அமெரிக்கக் கம்பெனிகளின் பர்கர் நெடுஞ்சாலையோரத்தோடு நின்றுவிடுகிறது. வண்டியின் இரும்புச் சட்டியோ தெருமுனை வரை வந்துவிட்டது.

இந்த மனிதருக்கு முப்பது வயதில் மருத்துவர் ‘சர்க்கரை எல்லையில் இருக்கிறது, எடையைக் குறையுங்கள்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நாளை மதியம் எதை மறுக்க வேண்டும்? எதைக் கேட்க வேண்டும்? கேட்டால் கிடைக்குமா?

*

மெஸ் சாப்பாட்டின் அமைப்பை யாரும் ஊன்றிப் பார்ப்பதில்லை. இலையின் நடுவில் மலைபோல் சோறு. ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், ஒரு கரண்டி கூட்டு, ஓர் அப்பளம், ஊறுகாய். பிறகு சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் என்று நான்கு முறை ஊற்றப்படுவதெல்லாம் சோற்றை உள்ளே அனுப்புவதற்கான ஏற்பாடே. சோற்று வாளி கேட்காமலே வரும். ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க’ என்ற உபசரிப்பும் கூடவே வரும். பொரியல் வாளி ஒருமுறை வந்து போனால் போனதுதான். இரண்டாம் முறை கேட்பவனைப் பரிமாறுபவர் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது. அதைச் சந்திக்கக் கூசியே பாதிப் பேர் கேட்பதில்லை. மூன்றாம் முறை கேட்டவரை நாம் இதுவரை கண்டதில்லை.

‘அளவுச் சாப்பாடு’ என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதில் சோறு குறையும்போது பொரியலும் சேர்ந்து குறைகிறது. அது சிறிய பசிக்கான சாப்பாடு. உடல் நலனை எண்ணி வைத்த சாப்பாடு என்று அதைச் சொல்ல முடியாது.

இதற்குப் பின்னால் இருப்பது கணக்கு. அரிசி மலிவு, காய் விலை ஏற்ற இறக்கம் உடையது, பருப்பு விலை உயர்ந்தது. வயிறு நிறைந்த திருப்தியை மிகக் குறைந்த செலவில் தருவது சோறு. எனவே எல்லையற்றது எதுவாக இருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரரின் கணக்கு முடிவு செய்கிறது. நாம் அரிசியைப் பழிக்கவில்லை. 2011 முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் விலையின்றி அரிசி கிடைப்பதால் எத்தனை வீடுகளில் பசி ஒழிந்தது என்பதை மானாவாரி நிலத்து மக்கள் அறிவார்கள். பஞ்ச காலத்துக் கதைகளைப் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள் சோற்றைக் கேலி செய்ய மாட்டார்கள். பசியை ஒழித்த தட்டு அடுத்த நோயை உண்டாக்கும் தட்டாக மாறியிருக்கிறது என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியாது.

எண்களைச் சொல்லிவிடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இண்டியாப்’ ஆய்வு 2023 இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதே ஆய்வுக் குழு 2025 இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. புரதத்திலிருந்து வருவது 12 விழுக்காடு மட்டுமே. அக்கட்டுரையின் மற்றொரு முடிவு இன்னும் முக்கியமானது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதிலாகக் கோதுமையையோ சிறுதானிய மாவையோ மாற்றி உண்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை விலக்கிப் பருப்பு வகை, பால் பொருள்கள் ஆகியவற்றின் புரதத்தை வைத்தால்தான் குறைகிறது.

இந்த முடிவு இரண்டு தரப்பாரையும் ஒருசேரச் சங்கடப்படுத்துகிறது. ஒரு தரப்பார், ‘சோற்றை விட்டுச் சப்பாத்தி கேளுங்கள்’ என்று மெஸ்ஸில் உட்கார்ந்திருப்பவனுக்கு உபதேசிப்பவர்கள். இன்னொரு தரப்பார், சிறுதானியமே மோட்சம் என்பவர்கள்.

*

சிறுதானியம் நம் மாவட்டத்தின் சொந்த விஷயம் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். தமிழகத்தில் கேழ்வரகு விளைச்சலில் முன்னணியில் நிற்கும் மாவட்டங்களுள் ஒன்று கிருஷ்ணகிரி. எல்லைக்கு அப்பால் இருக்கும் கர்நாடகம் இந்தியாவிலேயே மிகுதியாகக் கேழ்வரகு விளைவிக்கும் மாநிலம். நம்முடைய களியும் அவர்களுடைய முத்தேயும் ஒரே உருண்டைதான். ஆயினும் பெங்களூரின் புகழ்பெற்ற மிலிட்டரி ஹோட்டல்களில் முத்தே பெருமையோடு பரிமாறப்படுகிறது. இங்கே களி வீட்டுக்குள் ஒதுங்கியது. வெளியில் சாப்பிடுகிறவன் சோறு சாப்பிட வேண்டும் என்ற மரியாதை ஒரு காலத்தில் உருவானது. களி ஏழ்மையின் அடையாளமாக ஒளித்து வைக்கப்பட்டது.

2023 ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் களிக்கு மறுவாழ்வு வந்தது. எந்த உருவில் வந்தது என்பதைக் கவனியுங்கள். ராகி பிஸ்கட், ராகி குக்கீஸ், ராகி மால்ட், ராகி லட்டு. பொட்டலத்தைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் பலவற்றில் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் முன்னிற்கக் காணலாம். கேழ்வரகு முன்பக்கப் படத்தில் மட்டும் பசுமையாகச் சிரிக்கும். காட்டில் விளைவித்தவனுடைய களி மலிவானது என்று ஒதுக்கப்பட்டது. அதே தானியத்தில் சர்க்கரை சேர்த்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்ததும் அது ‘ஆரோக்கியம்’ ஆகிவிட்டது.

கேழ்வரகின் நன்மை உண்மையானது. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. நார்ச்சத்தும் பல மடங்கு கூடுதல். கலோரிக் கணக்கிலோ இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. நன்றாக அரைத்த மாவில் கிண்டிய களி, இரத்தச் சர்க்கரையைச் சோற்றுக்குப் பெரிதும் குறையாமலே ஏற்றக்கூடும். நம் முன்னோர் களி தின்று நோயின்றி வாழ்ந்தார்கள் என்று பேசுகிறவர்கள், களியை உண்டவர் அதன் பிறகு பத்து மணி நேரம் காட்டில் குனிந்து நிமிர்ந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். களியோடு அவர் என்ன தொட்டுக்கொண்டார் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு, அவரைக்கொட்டைக் குழம்பு.

இங்கே நமக்குப் புறநானூற்றின் 335 ஆம் பாடல் நினைவுக்கு வருகிறது. மாங்குடி கிழார் அதில் உணவென்று எண்ணிச் சொல்பவை நான்கு. வரகு, தினை, கொள், அவரை. சிறுதானிய விழாக்களில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு தமிழரின் பழைய உணவு என்று பெருமை பேசுகிறோம். பின்னிரண்டை எண்ண மறந்துவிடுகிறோம். நான்கில் இரண்டு தானியம், இரண்டு பயறு. அந்தப் புலவர் ஊட்டச்சத்துப் பாடம் எழுதவில்லை என்பது நமக்குத் தெரியும். அவர் கண்முன் இருந்த வறண்ட நிலத்தின் தட்டு இயல்பாகவே அப்படி இருந்தது. 2025 இல் பெரும் ஆய்வின் முடிவில் வந்து சேர்ந்திருக்கும் இடத்திற்கு அருகில்தான் அந்தத் தட்டும் இருந்தது. கொள்ளும் அவரையும் இன்றும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளைகின்றன. விளையும் நிலத்திலிருந்து மிக அருகில் இருக்கும் கேன்டீனின் தட்டுக்கு மட்டும் அவை வந்து சேர்வதில்லை.

*

அப்படியானால் வீட்டில் சமைத்துச் சாப்பிடலாமே என்பது அடுத்த உபதேசம். அதைச் சொல்பவர் பெரும்பாலும் ஆணாகவும், சமைப்பவர் வேறொருவராகவும் இருப்பதை நாம் கவனித்து வருகிறோம். விடியற்காலைப் பேருந்தைப் பிடிக்கும் பெண் தொழிலாளி மூன்று மணிக்கு எழுந்து கொள்ளு வேக வைக்க வேண்டும் என்பதே இதன் பொருள். ஓர் அறையில் நால்வர் தங்கி, ஷிப்டு மாற்றி உறங்குகிற இடத்தில் அடுப்பே இல்லை என்பதும் உபதேசிப்பவர் கண்ணில் படாது.

தமிழில் ‘பத்தியம்’ என்று ஒரு சொல் இருந்தது. இன்று அதன் இடத்தில் ‘டயட்’ வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம், காமாலை கண்டவனுக்குப் பத்தியம் என்றால் வீட்டின் சமையலே அதற்கேற்ப மாறியது. நோயாளி ஒவ்வொரு வேளையும் கெஞ்சவோ மறுக்கவோ வேண்டியிருக்கவில்லை. தட்டில் வந்ததே சரியான உணவாக இருந்தது. அந்த ஏற்பாட்டின் சுமை முழுவதும் பெண்களின் தலையில் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ‘டயட்’ என்பதோ தனிமனிதனின் விரதம். சுற்றிலும் எதுவும் மாறாது. அவன் மட்டும் நாக்கைக் கட்டிக்கொண்டு, நண்பர்களின் கேலிக்கிடையில், எண்ணெய் மினுங்கும் கல்லுக்கு எதிரில் உட்கார்ந்து மன உறுதியைக் காட்ட வேண்டும். தோற்றால் அது அவனுடைய பலவீனம். வீடு செய்து வந்த வேலையை இன்று கேன்டீனும் மெஸ்ஸும் செய்கின்றன. பத்தியத்தின் பொறுப்பு அவற்றுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். வரவில்லை. அது உண்பவனின் மன உறுதி என்ற கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

*

அரசு எதுவுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. செய்ததையும் அது போய்ச் சேர்ந்த இடத்தையும் பாருங்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள், 2022 முதல் ஒவ்வொரு பண்டத்தின் கலோரி அளவையும் விலைப்பட்டியலில் காட்ட வேண்டும். காரில் போகிறவர் நெடுஞ்சாலைக் கடையில் பர்கரின் கலோரியைப் படித்துவிட்டு அதையே வாங்கித் தின்னலாம். தள்ளுவண்டிக்காரரோ மெஸ் நடத்துபவரோ இவ்விதிக்குள் வரமாட்டார். வர வேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. ஏனெனில் பலகையில் எழுதிய எண்ணால் ஆவது மிகக் குறைவு. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2025 இல் சொன்னது இது: கலோரி எண்ணைக் காட்டுவதால் 600 கலோரி உணவில் ஏறக்குறைய 11 கலோரி குறைகிறது. ஒரு தேக்கரண்டி சர்க்கரைகூட இல்லை.

எண்ணை அறிந்து என்ன செய்வது என்பதற்குப் பரோட்டாவே சான்று. ஒரு பரோட்டாவில் 60 கிராம் மைதாவும் 10 கிராம் எண்ணெயும் என்று கொண்டால் 300 கலோரி. மூன்று பரோட்டாவில் 900. சால்னா தனி. உழைப்பவனின் ஒரு நாள் தேவையில் பாதியை நெருங்குகிறது. அதில் காய் என்று சொல்லத்தக்கது சால்னாவில் மிதக்கும் வெங்காயம் மட்டுமே. இதை அறியாமல் யாரும் பரோட்டா சாப்பிடவில்லை. இரவு பதினொரு மணிக்குச் சூடாக, கைக்கு எட்டும் விலையில், வயிறு நிறையக் கிடைப்பது அது ஒன்றுதான் என்பதால் சாப்பிடுகிறார்கள்.

விதி வேலை செய்யும் இடம் வேறொன்று இருக்கிறது. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரி முதல் 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அதே ஆணையம் விதித்தது. இதற்காகப் பப்ஸ் தின்னும் தொழிலாளி எதையும் படிக்கவோ மறுக்கவோ தேவையில்லை. வனஸ்பதி செய்யும் ஆலையில் மாற்றம் நடக்கிறது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறங்களைத் தடை செய்தபோதும் சுமை சமைப்பவரிடம்தான் வைக்கப்பட்டது. நல்ல விதி என்பது இதுதான். உண்பவனின் வீரத்தை அது எதிர்பார்ப்பதில்லை.

இன்னொன்றும் நம் மாவட்டத்தோடு தொடர்புடையது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலில் மாத்திரை. 2024 இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்து, தொழிற்சாலைக்கே சென்று பரிசோதிக்கத் தொடங்கியது. இவை மதிக்கத்தக்க முயற்சிகள். நாம் கேட்பது ஒன்றே. மருத்துவம் தொழிற்சாலையின் வாசல் வரை வந்துவிட்டது. இன்னும் ஐம்பதடி உள்ளே போனால் கேன்டீன். அங்கே தட்டில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? அதே கூரையின் கீழ் ஒருபுறம் சர்க்கரை அளவிடப்படுகிறது, மறுபுறம் வெறும் சோறு குவிக்கப்படுகிறது.

*

கேன்டீன் என்பது முதலாளியின் கருணை அன்று, சட்டம். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் வைக்க வழி செய்தது. அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடமும் தந்தது. உணவின் தரம், அளவு, பட்டியல் ஆகியவற்றில் அக்குழுவைக் கலந்து பேச வேண்டும் என்பது விதிகளின் கருத்து. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே கேன்டீன் வேண்டும் என்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கையில் இருந்த உரிமை இது. நம் தொழிற்சங்கங்கள் கேன்டீன் விலை உயர்ந்தால் கொடி பிடித்திருக்கின்றன. தட்டில் பருப்பு நீர்த்துப் போனதற்கும் காய் மறைந்து போனதற்கும் கொடி பிடித்ததாக நமக்கு நினைவில்லை. கூலி, போனஸ், பணிநேரம் ஆகியவற்றின் வரிசையில் பொரியலுக்கு இடம் கிடைக்கவில்லை.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர்க்குப் பின்லாந்தைக் காட்டலாம். 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டின் வடகரேலியா பகுதி, நடுவயது ஆண்களின் மாரடைப்புச் சாவுக்குப் பேர்போனது. 1972 இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. மக்களுக்கு உபதேசம் செய்ததோடு அது நிற்கவில்லை. பால் பண்ணைகளையும் இறைச்சிப் பண்டம் செய்வோரையும் அணுகிக் கொழுப்பையும் உப்பையும் குறைக்க வைத்தது. புகைப்பழக்கத்தோடும் போராடியது. முப்பத்தைந்து ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே அச்சாவு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. இன்று அந்நாட்டின் வேலையிடச் சாப்பாட்டில் பச்சைக்காய்க் கலவை உணவின் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அங்கே தொழிலாளி காயைக் ‘கூடுதலாக’ வாங்குவதில்லை. நம் சோற்றைப்போல் அது அங்கே சாப்பாட்டின் பகுதி.

நம்முடைய கோரிக்கை மிகச் சிறியது. கேன்டீனிலும் மெஸ்ஸிலும், அதே விலையில், ‘பாதிச் சோறு, இரட்டைக் காய், இரட்டைப் பருப்பு’ என்று இன்னொரு சாப்பாடு இருக்கட்டும். அது பட்டியலில் முதலில் இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது கொள்ளோ அவரைக்கொட்டையோ தட்டில் வரட்டும். களி வைப்பதானால் அவற்றோடு சேர்த்து வைக்கட்டும். தேநீரில் சர்க்கரையைக் கடைக்காரர் கலக்காமல் தனியே தரட்டும். பேக்கரித் தேநீர் ஒன்றில் இரண்டு கரண்டி, அதாவது 10 கிராம் என்றால், நான்கு தேநீரில் 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘சர்க்கரை கம்மியா’ என்று கேட்பவனை நோயாளியைப் போல் பார்க்கும் வழக்கம் இதனால் ஒழியும்.

கடைக்காரர் எப்படிப் பிழைப்பார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மெஸ் நடத்தும் அம்மாவும் பரோட்டா மாஸ்டரும் நம் எதிரிகள் அல்லர். அவர்களும் அனலில் நின்று உழைப்பவர்களே. இதனால்தான் சோற்றைக் குறைத்து மிச்சமாவதைக் காயில் போடச் சொல்கிறோம். ராயக்கோட்டைச் சந்தைக்கு வரும் தக்காளி, விலை சரியும் பருவங்களில் பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் போகிறது. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத மெஸ்ஸில் ஒரு கரண்டிப் பொரியலுக்குத் தட்டுப்பாடு. காய் இல்லாமையால் வந்த தட்டுப்பாடு இது ஆகாது. வாங்கிக் கொண்டுவந்து நறுக்கி வைக்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். அந்தக் கூலியைப் பெரிய கேன்டீன்களேனும் ஏற்க முடியும். ஆயிரம் பேருக்குச் சமைக்கும் இடத்தில் ஒரு தட்டுக்கு ஆகும் கூடுதல் செலவு, அத்தொழிலாளி ஐம்பது வயதில் டயாலிசிஸ் படுக்கையில் செலவழிக்கப்போவதில் தூசு.

‘உண்பவனுக்குப் பொறுப்பே இல்லையா?’ என்பது கடைசிக் கேள்வி. இருக்கிறது. நாளை மதியம் மெஸ்ஸில் உட்காரப்போகிறவர் பொரியலையும் கூட்டையும் பருப்பையும் முதலில் உண்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வைக்கலாம். சோற்று வாளி இரண்டாம் முறை வரும்போது இலையின் மேல் கையை வைத்து மறைக்கலாம். காலையில் போண்டாவுக்குப் பதில் சாம்பாரோடு இட்லி, இரவில் மூன்று பரோட்டாவுக்குப் பதில் ஒன்றும் இரண்டு வேகவைத்த முட்டையும், குளிர்பானத்துக்குப் பதில் மோர். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. இவற்றை எல்லோரும் செய்யலாம், செய்ய வேண்டும். ஆனால் ஒருவர் வாழ்நாள் முழுவதும் நாளுக்கு மூன்று முறை போராடி வெல்ல வேண்டியிருக்கிற உணவை நல்ல உணவு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பெரும்பாலோர் தோற்பார்கள். தோற்பதற்கென்றே அமைந்த தட்டு அது.

ஆகவே ‘வெளியில் சாப்பிடும்போது எடையைக் குறைப்பது எப்படி’ என்று எழுதும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கட்டுரையைச் சாப்பிடுகிறவனுக்கு எழுதாமல் சமைக்க வைப்பவர்களுக்கு எழுதுங்கள். கேன்டீன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரிக்கு எழுதுங்கள். புதிய சட்டத் தொகுப்பின்கீழ் கேன்டீன் குழுவின் உரிமை மாநில விதிகளில் தேய்ந்து போகாமல் காக்க வேண்டிய சங்கத் தலைவர்களுக்கு எழுதுங்கள். இதை வாசிக்கும் நண்பர்கள் நாளை எங்கே சாப்பிட்டாலும், வெட்கப்படாமல், உரத்த குரலில் இரண்டாம் முறை பொரியல் கேளுங்கள். பக்கத்து இலைக்காரருக்கும் சேர்த்துக் கேளுங்கள். நூறு பேர் கேட்கும் கடையில் வாளி தானாகவே திரும்பி வரும்.